தக்காளிப் பைக்கற்றில் வந்த விதை, இலை கத்தரி, காய் சிவப்பு: இது என்ன செடி?

கல்லடி_வளவு

வணக்கம். வளவில் நிற்கிற ஒரு செடியின் பெயர் தெரியவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்துபோன சொந்தக்காரர் ஒருவர் தந்த விதைப் பைக்கற். மேலே மடிப்பு மடிப்பாக விளைந்த பெரிய சிவப்புத் தக்காளியின் படம், கீழே பெயரும் தக்காளி என்றுதான் அச்சடித்திருந்தது. மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் மேடை போட்டுத் தூவினேன்.

நாலாம் இலை வந்தபோதே வீட்டில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தக்காளி இலை மாதிரிப் பிரிந்து பிரிந்து வரவில்லை. அகலமாக, ஓரம் அலை அலையாக, பார்த்தால் கத்தரி இலை. சரி, யாரோ கத்தரி விதையை மாறி அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். இப்போது இடுப்பளவு நிற்கிறது. பூ வெள்ளை. காய் தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை, மேலிருந்து கீழே ஆழமாக வரி விழுந்திருக்கிறது. பச்சையாக இருந்த காய்கள் அடிக்கிளையில் செம்மஞ்சளாகி, ஒன்று நன்றாகவே சிவந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் "தக்காளி நல்லாக் காய்ச்சிருக்கு" என்கிறார்கள். கிட்ட வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

படம் ஏற்றப் பார்த்தேன், பாதியில் நிற்கிறது. கேளுங்கள், போய்ப் பார்த்துச் சொல்கிறேன். இன்னும் யாரும் வாயில் வைக்கவில்லை.

சம்மாந்துறை_நானா

தங்கச்சி, பக்கத்தில் கத்தரி நின்றதா? நின்றிருந்தால் தேனீ கலந்துவிட்டிருக்கும். எங்கட வாப்பா ஒருமுறை கொச்சிக்காய்க்குப் பக்கத்தில் கறிமிளகாய் நட்டு, பிறகு கறிமிளகாய் எல்லாம் வாயில் வைக்க முடியாத உறைப்பு. இதுவும் அந்த மாதிரித்தான்.

திருக்கோவில்_77

வெள்ளைப் பூ என்கிறீர்கள். முள் இருக்கிறதா? இருந்தால் ஊமத்தை. யோசிக்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கெதியாக.

கல்லடி_வளவு

முள் இருக்கிறது! தண்டிலும், இலையின் நடு நரம்பிலும் சின்னச் சின்னதாக. பயமாக்கிவிட்டீர்களே.

ஓய்வு_ஆசிரியர்

பிடுங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன், உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன்.

ஊமத்தையின் முள் காயில்தான் இருக்கும். தண்டில் இருக்காது. பூ ஒரு சாணுக்குக் கிட்டவாக நீண்ட குழல், ஒவ்வொன்றாகத் தனியே நிற்கும். காயும் சதைப்பற்றானது இல்லை, முற்றிக் காய்ந்து வெடிக்கும். இந்த அக்கா சொல்கிற செடியில் தண்டில் முள், காய் வழுவழுப்பு, பழுத்தால் சிவப்பு. ஊமத்தைக்கு எல்லாம் தலைகீழ். இன்னொன்றும் சொல்லவேண்டும்: உண்மையிலேயே ஊமத்தையாக இருந்தாலும் எரிக்கக்கூடாது. அந்தக் காலத்தில் இழுப்பு வருத்தத்துக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் புகையோடும் உடம்பில் ஏறும். வாய் காய்வது, கண்மணி விரிவது, உடம்பு கொதிப்பது, பிதற்றல் எல்லாம் அந்த நஞ்சின் வேலை. வேரோடு பிடுங்கிப் புதைப்பதே சரி.

நானாவின் கலப்புக் கதைக்கு வருவோம். இந்தப் போகத்தில் மகரந்தம் கலந்தால் இந்தப் போகத்துச் செடியின் இலை மாறாது. காயின் சதையும் தாய்ச்செடியுடையதே. கலப்பு விதைக்குள்ளே இருக்கும், அந்த விதையை நட்டு எழும்பும் செடியில்தான் தெரியும். வாப்பா தன் கறிமிளகாயில் எடுத்துவைத்த விதையை அடுத்த போகத்தில் நட்டிருப்பார், அதுதான் உறைத்திருக்கும். கொச்சிக்காயும் கறிமிளகாயும் ஒரே இனம், கலக்கும். தக்காளியும் கத்தரியும் வளவில் தானாகக் கலப்பதில்லை.

சம்மாந்துறை_நானா

சேர், வாப்பா விதை எடுத்து நடுகிறவர்தான். அது சரி. அப்ப இது என்ன? சுண்டங்கத்தரியா?

திருக்கோவில்_77

எரிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் 🙂 ஆனால் சாப்பிட வேண்டாம் என்பதில் நிற்கிறேன்.

வந்தாறுமூலை_மாணவி

சுண்டங்கத்தரி இல்லை நானா. அதன் காய் கோலிக்குண்டு அளவில் உருண்டையாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கும், வரி விழாது, சிவக்காது. சிங்கள ஆட்கள் திப்பட்டு என்று வாங்குகிற முள்ளுச்செடியும் இல்லை. அதன் காய் பழுத்தால் செம்மஞ்சள் ஆகும், உண்மை, ஆனால் சின்னது, உருண்டை, பூவும் ஊதா.

அக்கா, காயை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் மற்றதைப் பாருங்கள். கத்தரிக் குடும்பத்தில் காயை வைத்துப் பெயர் சொல்லப்போனால் எல்லோரும் ஏமாறுவோம். இலையைக் கையால் கசக்கி மணந்து பாருங்கள். தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் பச்சையாகப் பிசின் ஒட்டும், அந்த மணமும் போகாது. இதில் அப்படி ஒட்டுகிறதா? பூவில் நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தக்கூடுகளை ஊசியால் பிரித்துப் பாருங்கள், தனித்தனியே வருகிறதா அல்லது ஒன்றோடொன்று ஒட்டிய கூம்பாக இருக்கிறதா? பச்சைக் காய் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பைக்கற்றில் மிச்ச விதை கிடந்தால் அதையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இலை மயிரோடு இருக்கிறதா, வழுவழுப்பா என்பதும் முக்கியம்.

கல்லடி_வளவு

பரீட்சை வைத்துவிட்டீர்கள் தங்கச்சி. மகனின் முத்திரை பார்க்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு காலையில் வெயில் ஏறமுன்னம் போய் இருந்துவிட்டேன்.

இலையைக் கசக்கினேன். ஒட்டவில்லை. தக்காளி மணமே கிடையாது, வெறும் பச்சிலை மணம். தடவினால் சொரசொரப்பு. கண்ணாடியில் பார்க்கும்போது மயிர் ஒவ்வொன்றும் தனியாக நிற்கவில்லை, ஒரு புள்ளியில் இருந்து நாலு பக்கமும் விரிந்த சின்ன நட்சத்திரங்களாகத் தெரிந்தது. அடிப்பக்கம் நெருக்கமாக இருக்கிறது. இத்தனை நாள் கையால் தடவுகிற இலையில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பூ மூன்று நான்காகச் சேர்ந்து வருகிறது. கத்தரிப் பூவில் பாதிகூட இல்லை. வெள்ளை இதழ் ஐந்தும் நுனி கூராக. மகரந்தக்கூடு ஐந்தும் தடிப்பு, மஞ்சள். ஊசி வைத்ததும் தனித்தனியே விலகின. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசியால் குத்தினதுபோல இரண்டு ஓட்டை. நான் குத்தவில்லை, சத்தியமாக!

காயை வெட்டினேன். தக்காளிக்குள் இருக்கிற மாதிரிச் சளியும் தண்ணீரும் இல்லை. வெள்ளைச் சதை, அதற்குள் விதை பதிந்து இருக்கிறது. கத்தரிக்காயை வெட்டினால் எப்படியோ அப்படி.

பைக்கற்றை அலுமாரியில் தேடி எடுத்தேன். மூலையில் கொஞ்சம் விதை கிடந்தது. தட்டை, வெளிறிய மஞ்சள், வழுவழுப்பு. பக்கத்தில் எங்கட தக்காளி விதையையும் வைத்துப் பார்த்தேன். அது முழுக்கப் பஞ்சு ஒட்டினது மாதிரி மயிர்.

வந்தாறுமூலை_மாணவி

இதைவிட நல்ல விவரணம் வகுப்பில்கூட எழுதமாட்டார்கள் அக்கா.

விதையிலேயே பாதி முடிந்துவிட்டது. தக்காளி விதைக்குக் காய்ந்ததும் மயிர் தெரியும். சில கம்பனிகள் அமிலத்தில் கழுவி அந்த மயிரை நீக்கி விற்பதுண்டு, அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. ஆனால் நட்சத்திர மயிர் தக்காளியில் வராது. மகரந்தக்கூடும் அப்படித்தான். தக்காளியில் ஐந்தும் ஒட்டிக் கூம்பாகி, உள்பக்கம் நீளமாகப் பிளந்து தூள் விடும். நுனி ஓட்டையால் விடுவது கத்தரிப் பக்கத்துக் குணம். அந்த ஓட்டையில் இருந்து தூளை எடுக்கத் தேனீக்குத் தெரியாது. கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட்டு உதறும், அப்போதுதான் கொட்டும். காலையில் பூவுக்குப் பக்கத்தில் கருவண்டின் சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் அதுதான் காரணம்.

சரி, கத்தரிப் பக்கம் என்றால் ஏன் எங்கட கத்தரி இல்லை? நிறம். கத்தரிக்காய் முற்றினால் மஞ்சள், பிறகு பழுப்பு. எங்கட கத்தரி வகைகளில் திருநெல்வேலி ஊதாவாக இருந்தாலும் லேனைரியாக இருந்தாலும் கடைசியில் அந்த மஞ்சளுக்குத்தான் வரும், தக்காளிச் சிவப்புக்கு வராது. பூவும் ஊதா, பெரிசு.

சின்ன வெள்ளைப் பூ, வரி விழுந்த தட்டைக் காய், பழுத்தால் சிவப்பு, நட்சத்திர மயிர். இது ஆபிரிக்கக் கத்தரி, சொலானம் ஏத்தியோப்பிகம். லின்னேயஸ் 1756இல் பெயர் வைத்த செடி. ஆபிரிக்காவில் சொலானம் அங்குவிவி என்கிற காட்டுச் செடியில் இருந்து வளர்த்தெடுத்தது. அடிமை வியாபாரக் கப்பல்களோடு பிரேசிலுக்குப் போய் இன்றைக்கு அங்கே ஜிலோ என்ற பெயரில் சாதாரண மரக்கறி.

இந்த இனத்துக்குள்ளே நாலு வகுப்புப் பிரிப்பார்கள். ஜிலோ வகுப்பில் காய் உருண்டை அல்லது நீள்வட்டம், இலையில் மயிர், இலையைச் சாப்பிடமாட்டார்கள். ஷும் வகுப்பில் இலை வழுவழுப்பு, உகண்டாவில் கீரைக்காகவே நடுவார்கள். கும்பா வகுப்பில் இலை வழுவழுப்பு, காய் பெரிசாக வரி விழும், இலையும் காயும் சாப்பாடு. நாலாவது அக்குலேயாட்டம். காய் கும்பா மாதிரி வரி விழும், ஆனால் முள்ளும் மயிரும் கூட. அக்காவுடைய செடியில் வரி, மயிர், முள் மூன்றும் இருக்கிறது. ஆகவே நாலாவது. இதை அழகுக்குத்தான் அதிகம் நடுகிறார்கள். அமெரிக்காவில் காயோடு கிளையை வெட்டிக் காயவைத்து, குட்டிப் பூசணிக்காய் என்று வீட்டு அலங்காரத்துக்கு விற்கிறார்கள். பழைய புத்தகங்களில் சொலானம் இன்டெக்ரிபோலியம் என்று இருக்கும்.

லண்டன்_மட்டக்களப்பான்

பெக்கம் பக்கத்து ஆபிரிக்கக் கடைகளில் முட்டை மாதிரி வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள், பச்சையிலும் உண்டு. கானா, நைஜீரியா ஆட்கள் பச்சையாகவே கடிக்கிறார்கள். அதுவும் இந்தச் சாதியா தங்கச்சி?

வந்தாறுமூலை_மாணவி

ஓம் அண்ணா, பெரும்பாலும் ஜிலோ வகுப்பு. அதே இனம், வேறு தெரிவு, அதாவது தெரிந்தெடுத்து வளர்த்த வேறு வகை.

ஓய்வு_ஆசிரியர்

மாணவி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒட்டி நிற்கும் இன்னொரு செடியையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அதையும் தக்காளி என்று சொல்லி விதை விற்கிறார்கள்: சொலானம் சிசிம்பிரிபோலியம். தென்னமெரிக்கச் செடி, உடம்பு முழுக்க முள், பழம் சிவப்பு. ஆனால் அதன் இலை ஆழமாகக் கிழிந்திருக்கும், பழத்தை முள்ளுப் புல்லிவட்டம் ஒன்று மூடியிருக்கும். ஒல்லாந்தில் உருளைக்கிழங்கைத் தாக்கும் வட்டப்புழுவுக்குப் பொறிப்பயிராக, புழுவை ஏமாற்றி அழிக்க, நடுகிறார்கள். அக்காவின் காய் மூடாமல் வெளியே நிற்கிறது, ஆகவே அது இல்லை. சொடக்குத் தக்காளி வகைகளும் அதே காரணத்தால் விலகும்.

சம்மாந்துறை_நானா

அல்ஹம்துலில்லாஹ், பெயர் கிடைத்தது. இனி முக்கியமான கேள்வி. சாப்பிடலாமா?

களுதாவளை_பெத்தம்மா

எந்தக் கத்தரியாக இருந்தாலும் கசந்தால் ஒரே வழிதான். பிஞ்சாக ஆய்ந்து, மெல்லிசாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்துவிட்டு, பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிறகு பொன்னிறமாகப் பொரித்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மாசித்தூள், கட்டிப் பால், தேசிக்காய்ப் புளி. கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிற மாதிரித்தான். சிவந்த காயில் கை வைக்காதே புள்ள. முற்றின காயின் கசப்பு நாக்கை விட்டுப் போகாது.

ஓய்வு_ஆசிரியர்

பெத்தம்மாவின் முறை நல்லது, கூடவே ஒன்று. இந்தக் குடும்பத்தில் கசப்பு சும்மா வருவதில்லை. கிளைக்கோஅல்கலொயிட்டு என்கிற பொருட்கள் செடி தன்னைக் காக்கச் செய்வது. பச்சைபிடித்த உருளைக்கிழங்கில் இருக்கும் சொலனினும் அந்த வகைதான். கொதிக்கவைத்தால் அது முழுவதும் அழிந்துவிடாது. உப்பில் பிழிந்தால் கொஞ்சம் குறையும். வடகிழக்கு இந்தியாவில், மிசோரம், மணிப்பூர் பக்கம், இந்த வரிக்காயை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆகவே இது ஊமத்தை மாதிரி நஞ்சு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த விதை அழகுக்காகத் தெரிந்தெடுத்ததாக இருந்தால் கசப்பைக் குறைக்க யாரும் மெனக்கெட்டிருக்கமாட்டார்கள். சமைத்த பிறகும் நாக்கு வேண்டாம் என்றால் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுக்க வேண்டாம். இலை சுண்டுகிற யோசனை இருந்தால் கைவிடுங்கள், மயிரும் முள்ளும் உள்ள இலை கீரை இல்லை.

கல்லடி_வளவு

பெத்தம்மா முறையில் வைத்தேன். நானும் அவரும் மட்டும். முதல் வாயில் கசப்பு, பிறகு பாலும் மாசியும் அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. பாகற்காய் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். அவருக்குப் பாகற்காய் பிடிக்காது, எழும்பிப் போய்விட்டார்.

நெறியாளர்

பெயர் கிடைத்ததில் சந்தோசம். ஆனால் இங்கே ஒரு விசயம் சொல்லாமல் விடமுடியாது. பயணப் பையில் விதை கொண்டுவருவது சின்ன விசயமாகத் தெரியும். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதை, கன்று, மண் எதுவும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாது. கட்டுநாயக்காவில் அதற்கென்றே தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு இருக்கிறது. காரணம் இல்லாமல் வைத்த சட்டம் இல்லை. தக்காளியில் பழுப்புச் சுருக்க வைரசு என்று ஒன்று, 2014, 2015 வாக்கில் இஸ்ரேல், ஜோர்தான் பக்கம் முதலில் தெரிந்தது, இப்போது பல கண்டங்களில். விதையோடு போகும், கை பட்டாலும் கத்தி பட்டாலும் பரவும், தக்காளியையும் மிளகாயையும் பிடிக்கும். பைக்கற்றில் எழுதியிருப்பதே பொய் என்றால், உள்ளே வேறு என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்?

கல்லடி_வளவு

நெறியாளர் ஐயா, ஆசையாகக் கொண்டுவந்து தந்தவரை நான் என்ன பொலிசிலா பிடித்துக்கொடுப்பது?

நெறியாளர்

அப்படிச் சொல்லவில்லை அக்கா. கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் காட்டுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு ஒரு அழைப்பு, தமிழிலும் பேசலாம். இலை சுருங்கினாலோ காயில் பழுப்புத் திட்டு வந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். பெயரை எழுத்தில் உறுதிப்படுத்த ஆசை என்றால் பூவும் காயும் உள்ள கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் அமுக்கிக் காயவைத்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்துக்கு அனுப்பலாம். இந்த இழையில் விதை கேட்டு முகவரி போடுகிறவர்களின் பதிவை நீக்குவேன், அதையும் சொல்லிவைக்கிறேன்.

சம்மாந்துறை_நானா

நான் போட இருந்த பதிவை அழித்துவிட்டேன்.

படுவான்கரை_விவசாயி

நான் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். வெல்லாவெளிப் பக்கம் கத்தரி, தக்காளி செய்கிறவன். செடி நன்றாக நிற்கும், பூவும் வைக்கும், ஒருநாள் மத்தியானம் பார்த்தால் இலை பச்சையாகவே தொங்கும். பின்னேரம் நிமிரும். அடுத்தடுத்த நாள் நிமிராது, செத்துப்போகும். ஒரு வரியில் தொடங்கினால் தண்ணீர் ஓடுகிற பக்கம் எல்லாம் போகிறது. இந்த ஆபிரிக்கக் கத்தரி வாடல் தாங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையா?

வந்தாறுமூலை_மாணவி

அண்ணா, முதலில் எந்த வாடல் என்று பார்க்கவேண்டும். புதிதாகத் தொங்குகிற செடி ஒன்றின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுவாய் மட்டும் நனைய அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயில் இருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பக்றீரியா வாடல், ரால்ஸ்டோனியா என்கிற கிருமியின் வேலை. பால் இறங்காமல், முதலில் அடியிலைகள் மஞ்சளாகி, தண்டுக்குள் பழுப்பு ஓடியிருந்தால் பூஞ்சை வாடலாக இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பக்றீரியா வாடலுக்கு மருந்து தெளித்துப் பிரயோசனம் இல்லை. கடையில் என்ன சொல்லி விற்றாலும் காசைக் கரியாக்க வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஜப்பானில் இந்த வரிக்காய்ச் செடியைக் கத்தரிக்கு ஒட்டுக்கட்டையாக வைத்திருக்கிறார்கள். வேர் இதனுடையது, மேலே நல்ல கத்தரி. ஆனால் ஆபிரிக்கக் கத்தரி எல்லாமே வாடல் தாங்கும் என்று இல்லை. ஒரு தெரிவு தாங்கும், பக்கத்துத் தெரிவு விழும். கல்லடி அக்காவின் பைக்கற்றில் வந்தது எது என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஒரு ஏக்கர் ஒட்டுவது ஆபத்து.

அதைவிட நல்ல ஒட்டுக்கட்டை உங்கள் வேலியோரத்திலேயே நிற்கும். சுண்டங்கத்தரி. பக்றீரியா வாடலையும் பூஞ்சை வாடல்களையும் தாங்கும், வேர்முடிச்சு வட்டப்புழுவையும் தாங்கும். கல்லடி, களுதாவளை மாதிரி மணல் நிலத்தில் அந்த வட்டப்புழுதான் பெரிய தொல்லை, செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாக முடிச்சுத் தெரியும்.

படுவான்கரை_விவசாயி

சுண்டங்கத்தரியா! அதை நாங்கள் ஆட்டுக்குக்கூட வெட்டுவதில்லை. எப்படி ஒட்டுவது, பழக்கம் இல்லாதவன் செய்யலாமா?

வந்தாறுமூலை_மாணவி

செய்யலாம். கை நடுங்காமல் இருந்தால் போதும். சுண்டங்கத்தரி விதை முளைக்கச் சோம்பல், நாற்றும் மெதுவாகத்தான் எழும்பும். அதனால் மூன்று நாலு கிழமை முந்தியே அதைப் போட்டுவிட்டுப் பிறகு கத்தரியைப் போடுங்கள். இரண்டின் தண்டும் ஒரே தடிப்புக்கு வரவேண்டும், இதில்தான் முதல் முறை செய்கிறவர்கள் தடுமாறுவார்கள். புதுப் பிளேட்டால் சுண்டங்கத்தரியை விதையிலைக்கு மேலே சரிவாக வெட்டுங்கள். கத்தரியையும் அதே சரிவில் வெட்டி, முகத்தோடு முகம் வையுங்கள். பிடித்து வைக்க, சைக்கிள் வால்வு ரியூப்பைச் சின்னத் துண்டாக வெட்டி நீளவாக்கில் பிளந்து மாட்டினால் போதும், தண்டு தடிக்கத் தானே விலகிவிடும்.

பிறகுதான் உண்மையான வேலை. ஒரு கிழமை, பத்து நாள் வரைக்கும் வெயிலும் காற்றும் படக்கூடாது. நிழலில் கம்பு வளைத்துப் பொலித்தீன் மூடி, உள்ளே ஈரம் நிற்கவேண்டும். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்றுத் தொடங்கின பிறகு திறந்த இடத்தில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் மேல்துண்டு கருவாடாகிவிடும். இலை நிமிர்ந்து நின்றால் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். நடும்போது ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். புதைந்தால் கத்தரித் துண்டு தானே வேர்விட்டு, வாடல் அந்த வேரால் ஏறும், பட்ட பாடு எல்லாம் வீண். கீழே சுண்டங்கத்தரி துளிர்விட்டால் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

தக்காளிக்கும் ஒரு வழி இருக்கிறது. தாய்வானில் உள்ள உலக மரக்கறி மையம் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. இ.ஜி. 203 என்பது அதற்குத் தெரிந்தெடுத்த கத்தரி. வாடலைத் தாங்கும், அதோடு தண்ணீர் தேங்கினால் தக்காளி வேர் அழுகுகிற மாதிரி இந்த வேர் சட்டென்று அழுகாது. மாரியில் எங்கட பக்கம் தண்ணீர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் இதை யாராவது முயன்று பார்க்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

களுதாவளை_பெத்தம்மா

ஆட்டுக்கும் வெட்டாத சுண்டங்கத்தரியை எங்களுக்கு அனுப்பு மகன். மோரில் ஊறப்போட்டுக் காயவைத்து வற்றல் போடத் தெரியாத ஊரா வெல்லாவெளி?

ஓய்வு_ஆசிரியர்

ஒட்டுக்கட்டையின் பொருட்கள் மேலே ஏறுமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஊமத்தையில் தக்காளியை ஒட்டினால் ஏறும், நஞ்சாகும், அதைச் செய்யவே கூடாது. சுண்டங்கத்தரி நாங்கள் சாப்பிடுகிற காய், பல நாடுகளில் கத்தரிக்கு ஒட்டுக்கட்டையாக வழக்கத்தில் இருப்பது.

படுவான்கரை_விவசாயி

கிளாசில் பிடித்துப் பார்த்தேன். பால் நூல் இறங்கிற்று, நன்றாகத் தெரிந்தது. பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இதுவரைக்கும் தண்ணீர் போதாமல் சாகிறது என்று ஊற்றிக்கொண்டே இருந்தவர்.

வந்தாறுமூலை_மாணவி

ஊற்ற ஊற்ற அது வரியோடு ஓடிப் பரவும் அண்ணா. செத்த செடியைக் காணியில் போடாமல் வேர் மண்ணோடு எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டில் வருகிற சிறுபோகத்துக்குக் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். சோளம் போடுங்கள், அல்லது தண்ணீர் கட்ட வசதி இருந்தால் நெல். அங்கே கொத்தின மண்வெட்டியைக் கழுவாமல் மற்றத் துண்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கல்லடி_வளவு

போதனாசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இலையில் வைரசுக் குறி எதுவும் இல்லை என்றார். நானும் காட்டினேன், இலையைச் சல்லடையாக அரித்து வைத்திருப்பது புள்ளி வண்டு, எங்கட கத்தரியில் வருகிற அதே இருபத்தெட்டுப் புள்ளிக்காரன். காலையில் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடச் சொன்னார், இலையின் அடியில் மஞ்சளாக முட்டைக் கும்பல் இருந்தால் நசுக்கச் சொன்னார். பழங்களைச் செடியில் விட்டு உதிரவிடாமல் ஆய்ந்துவிடவும் சொன்னார், வேலி தாண்டிப் போகாமல் இருக்க.

படுவான்கரை_விவசாயி

தங்கச்சி, சுண்டங்கத்தரி விதை போட்டாயிற்று. வால்வு ரியூப் எங்கள் பக்கத்தில் இல்லை, இப்போது எல்லாம் வேறு மாதிரி வால்வுதானாம்.

சம்மாந்துறை_நானா

எங்கட ஊரில் பழைய சைக்கிள் கடை ஒன்றில் ஒரு சுருள் கிடக்கிறது தம்பி, நேற்றுத்தான் கண்டேன். கல்முனைக்கு வரும்போது போன் பண்ணுங்கள், எடுத்து வைக்கிறேன். அது விதை இல்லை, நெறியாளர் நீக்கமாட்டார்.